மண்டபத்திலிருந்து நியூரோசயின்ஸுக்கு: ஒரு பிளஸ் டூ மாணவியின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான்: "அக்கா, நான் மண்டபம் பக்கம். பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் குரூப். அப்பா விசைப்படகில் போகிறார். எனக்கு மூளை, நரம்பு பற்றிப் படிக்க ஆசை. பி.எஸ்ஸி நியூரோசயின்ஸ் எந்தக் கல்லூரியில் இருக்கிறது? இல்லாவிட்டால் ஜுவாலஜி எடுக்கலாமா? வீட்டில் நீட் எழுது என்கிறார்கள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?"

தங்கச்சி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப்பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் அந்தப் பெயரில் பட்டம் தேடி நேரத்தை வீணாக்காதே. இந்தியாவில் இளநிலையில் நியூரோசயின்ஸ் என்று தனிப் பட்டம் அரிது, பெரும்பாலானவர்கள் வேறு ஏதாவது ஒன்றில் பட்டம் வாங்கிவிட்டு முதுநிலையிலோ பி.எச்டியிலோதான் இதற்குள் வருகிறார்கள். ஜுவாலஜியிலிருந்து வருகிறார்கள், பயோடெக்கிலிருந்து, சைக்காலஜியிலிருந்து, எம்.பி.பி.எஸ் முடித்து, இயற்பியலும் எலெக்ட்ரானிக்ஸும் முடித்துக்கூட வருகிறார்கள். நானே ஜுவாலஜி வழியாக வந்தவள்தான்.

இது ஒரு குறை என்று நினைக்காதே. அமெரிக்காவில் நியூரோசயின்ஸை மேஜராக எடுக்கும் பிள்ளைகளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பார், முதல் இரண்டு வருடத்தில் பெரும்பகுதி கெமிஸ்ட்ரி, கால்குலஸ், பிசிக்ஸ், செல் பயாலஜி, புள்ளியியல், கொஞ்சம் சைக்காலஜி. மூளை என்று தனியாக வரும் பாடங்கள் அதற்கு மேல்தான் வருகின்றன: நரம்பு செல் எப்படி மின்சாரம் உண்டாக்குகிறது, ஒரு செல் இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது, கண்ணும் காதும் எப்படி வேலை செய்கின்றன, நினைவு எங்கே எப்படிப் பதிகிறது, இதெல்லாம். ஆக, பட்டத்தின் மேல் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். அந்த மூன்று நான்கு வருடத்தில் உனக்கு மின்சாரம் புரிந்ததா, கணக்கும் கோடிங்கும் கைக்கு வந்ததா, ஏதாவது ஒரு விலங்கை முழுசாகத் தெரிந்துகொண்டாயா, இந்த மூன்றையும் பார்த்துத்தான் உன்னை எந்த ஆய்வகமும் எடுக்கும்.

மின்சாரம் என்றதும் பயாலஜி பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீ இருக்கும் இடத்தை வைத்தே சொல்லலாம்.

பாம்பனில் கணவாய் மீன் இறங்குவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பாய். அந்தக் கணவாய் இல்லாமல் இன்றைய நியூரோசயின்ஸ் இல்லை. கணவாய் பயந்தால் என்ன செய்யும்? மையைக் கக்கிவிட்டு, உடம்புக்குள் இருக்கும் தண்ணீரை ஒரே அழுத்தில் பீய்ச்சி, பின்பக்கமாகப் பாய்ந்து ஓடும். அப்படிப் பாய வேண்டுமானால் உடம்புச் சுவர் முழுக்க உள்ள தசை ஒரே நேரத்தில் சுருங்க வேண்டும், கிட்டே உள்ள தசைக்குச் செய்தி முன்னாலும் வால்பக்கத்துத் தசைக்குப் பின்னாலும் போய்ச் சேர்ந்தால் பாய்ச்சல் பிசுபிசுத்துப் போகும். நம் நரம்புகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு, அதனால் மெல்லிசான நரம்பிலேயே செய்தி வேகமாக ஓடும். கணவாய்க்கு அந்த உறை கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே வழி நரம்பைத் தடிமனாக்குவது, தடிமன் கூடினால் வேகம் கூடும். அதனால் தூரத்தில் உள்ள தசைக்குப் போகும் நரம்பு இழை இன்னும் தடிமனாக இருக்கும். மிகத் தடிமனான இழை ஒரு மில்லிமீட்டர் வரை வரும். நம் உடம்பில் உள்ள தடித்த நரம்பு இழையே 20 மைக்ரோமீட்டர்தான், அதாவது 50-ல் ஒரு பங்கு.

ஒரு மில்லிமீட்டர் என்றால் கண்ணால் பார்க்கலாம், உள்ளே கம்பி நுழைக்கலாம். 1936-ல் ஜே. இசட். யங் என்ற விலங்கியலாளர் இது ரத்தக் குழாய் இல்லை, நரம்பு இழைதான் என்று எடுத்துச் சொன்னார். 1939-ல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள் மின்முனையை இறக்கி, நரம்புச் செய்தி ஓடும்போது உள்ளே வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்று நேரடியாக அளந்தார்கள். உடனே போர் வந்துவிட்டது, வேலை நின்றது. போர் முடிந்து திரும்பி வந்து, கடல்நீரில் உள்ள சோடியத்தைக் குறைத்தால் அந்த மின்துடிப்பும் சிறுத்துப்போகிறது என்று ஹாட்ஜ்கினும் காட்ஸும் 1949-ல் காட்டினார்கள். 1952-ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் எல்லாவற்றையும் சில சமன்பாடுகளுக்குள் அடக்கிவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டரை அந்தச் சமயம் மாற்றியமைக்கும் வேலைக்காக நிறுத்தி வைத்திருந்ததால் ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு மெஷினை வைத்து வாரக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1963-ல் நோபல் பரிசு. இன்றைக்கும் உலகத்தில் எங்கே நியூரோசயின்ஸ் படித்தாலும் முதல் செமஸ்டர்களில் ஒன்றில் இந்தக் கணவாய் வந்தே தீரும்.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்றால், கணவாயின் நரம்புக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிடச் சுமார் 20 மடங்கு. பொட்டாசியம் மட்டும் வெளியே கசிய வழி இருந்தால் உள்பக்கம் மைனஸ் ஆகும், எவ்வளவு மைனஸ்? 20-க்கு லாகரிதம் எடு, 1.3 வரும், அதை 58-ஆல் பெருக்கு, ஏறக்குறைய 75 மில்லிவோல்ட். இவ்வளவுதான் நெர்ன்ஸ்ட் சமன்பாடு. பதினொன்றாம் வகுப்பு லாகரிதம் தெரிந்தால் போதும். பயோ-மேத்ஸ் குரூப்பில் இருக்கிறாய் என்பது உன் பெரிய சொத்து, பிளஸ் டூ முடிந்ததும் மேத்ஸ் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதே.

ஒன்று செய்து பார். வீட்டில் குழம்புக்கு ஊசிக் கணவாய் வாங்கினால் அம்மா சுத்தம் செய்யும்போது பக்கத்தில் உட்கார். உடம்புக் குழாயை வயிற்றுப்பக்கமாக நீளவாக்கில் கீறி விரித்துப் போடு. உள்சுவரில், தலைப்பக்கமாக, இரண்டு பக்கமும் நட்சத்திரம் மாதிரி ஒரு சிறு முடிச்சும் அதிலிருந்து நாலா பக்கமும் வெள்ளை இழைகளும் பிரிந்து போவது தெரியும். கணவாய் புதுசாக இருக்க வேண்டும், ஐஸில் நாள்பட்டது என்றால் சரியாகத் தெரியாது. அந்த முடிச்சிலிருந்துதான் ராட்சச நரம்புகள் கிளம்புகின்றன. பாடப் புத்தகத்தில் படமாகப் போட்டிருப்பதை உலகத்தில் பாதிப் பேர் நேரில் பார்த்ததில்லை, நீ மீன் வாங்கும் நாளெல்லாம் பார்க்கலாம்.

கணவாய் மட்டும் என்று இல்லை. வலையில் வந்தால் தூக்கி எறிகிற பேத்தை மீன் இருக்கிறதே, அதன் நஞ்சு டெட்ரோடோடாக்சின், சோடியம் போகிற வாசலை மட்டும் அடைக்கும், பொட்டாசியம் வாசலைத் தொடாது. அதனாலேயே நரம்பு ஆய்வுக்கூடங்களில் அது அன்றாடப் பொருள். தொட்டால் ஷாக் அடிக்கும் திருக்கையின் மின்னுறுப்பிலிருந்துதான் நரம்பு தசைக்குச் செய்தி சொல்லும் இடத்தில் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பிரித்தெடுத்தார்கள். கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து கிடைத்த ஒரு பெப்டைடை வைத்து ஜிகோனோடைட் என்ற வலி மருந்து வந்தது, 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, முதுகுத்தண்டுக்குள் செலுத்துவார்கள். கடல் முயல் என்ற கடல் நத்தையை வைத்து எரிக் கண்டெல் நினைவு எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்தார், அதற்கு மொத்தமே 20,000 நரம்பு செல்தான், சில செல்கள் வெறும் கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை, 2000-ல் நோபல். சொறி, அதாவது ஜெல்லிமீன், பட்டால் தடிக்கும் என்று நாம் விலகிப்போகிறோம், ஆனால் அமெரிக்காவின் பசிபிக் கரையில் கிடைக்கிற ஒரு வகைச் சொறியிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதத்தை மாற்றியமைத்துத்தான் இன்று எலியின் மூளையில் எந்தச் செல் எப்போது வேலை செய்கிறது என்று ஒளியாகப் பார்க்கிறார்கள். பேய்க்கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, 50 கோடி நரம்பு செல், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது, தலையில் இல்லை. மனித மூளைக்கு 8,600 கோடி.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆர்வக்கோளாறில் தீவுப்பக்கம் போய் எதையாவது பிடித்துவந்து அறுத்துப் பார்க்காதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-லிருந்து தேசியப் பூங்கா. கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001-லிருந்து சட்டப் பாதுகாப்பில் இருப்பவை, வைத்திருந்தாலே வழக்கு. கூம்புச் சங்கை உயிரோடு கையில் எடுக்கவும் வேண்டாம், அது கொட்டினால் விளையாட்டு இல்லை. சமையலுக்கு வாங்கின கணவாய் போதும்.

சரி, எங்கே படிப்பது. உனக்கு முன்னால் உண்மையில் இரண்டு வழி. முதல் வழி ஐசர், மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என்று ஏழு இடத்தில் இருக்கிறது, பி.எஸ்-எம்.எஸ் என்று ஐந்து வருடப் படிப்பு, கடைசி வருடம் முழுக்க ஆராய்ச்சி, அதை நீ நியூரோசயின்ஸ் ஆய்வகத்திலேயே செய்யலாம். புனேயில் நரம்பியல் பக்கம் வலுவான குழு இருக்கிறது. நமக்குப் பக்கம் என்று பார்த்தால் திருவனந்தபுரமும் திருப்பதியும், திருப்பதிக்கு ராமேஸ்வரத்திலிருந்தே ரயில் இருக்கிறது, வீட்டில் தூரம் என்று சொன்னால் இதைச் சொல். நுழைவுத் தேர்வின் பெயர் ஐ.ஏ.டி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி நாலிலும் தலா 15 கேள்வி, மூன்று மணி நேரம், சரியானதற்கு நாலு மார்க், தப்புக்கு ஒரு மார்க் போகும். நாலு பாடத்தையும் சமமாகக் கேட்பதால் பயோ-மேத்ஸ் பிள்ளைகளுக்கென்றே செய்த தேர்வு மாதிரி இருக்கும், பியூர் சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு அந்த 15 கணக்குக் கேள்வி கஷ்டம். இதே தேர்வு மார்க்கை வைத்துத்தான் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி-யின் (இந்திய அறிவியல் கழகம்) நான்கு வருட பி.எஸ்ஸுக்கும், ஐ.ஐ.டி மெட்ராஸின் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்கு வருட பி.எஸ்ஸுக்கும் விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி மெட்ராஸில் மூளைக்கென்றே தனி மையம் இருக்கிறது, கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படமெடுத்து 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டார்கள். ஒருநாள் உட்கார்ந்து பார், செல்போனிலேயே திறக்கும். இதே மாதிரி இன்னொரு மத்திய அரசு அறிவியல் நிறுவனமான புவனேஸ்வர் நைசருக்கு மட்டும் நெஸ்ட் என்று வேறு தேர்வு.

இந்தத் தேர்வுகள் நம் பக்கத்துப் பள்ளிகளில் பலருக்குத் தெரிவதே இல்லை. நீட்டும் ஜே.இ.இ-யும்தான் காதில் விழுகிறது. நீட்டுக்குப் படிக்கிற பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸோடு மேத்ஸையும் விடாமல் வைத்திருந்தால் இதற்கான தயாரிப்பில் பெரும்பகுதி முடிந்தது, அதனால் வீட்டில் நீட் எழுது என்றால் எழுது, சண்டை போட வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, ஐ.ஏ.டி கிடைக்கவில்லை அல்லது வீட்டில் வெளியூர் அனுப்பவில்லை, நம் மாவட்டத்திலேயே பி.எஸ்ஸி. இதை மட்டமாக நினைக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் இங்கே கல்லூரி உனக்குப் பாதிதான் தரும், மீதியை நீயே தேடிக்கொள்ள வேண்டும். ஜுவாலஜியில் அனிமல் பிசியாலஜி பேப்பரில் நரம்பு மண்டலம் ஒரு யூனிட் அளவுக்கு வரும், அவ்வளவுதான், அதையும் பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் ஓட்டிவிடுவார்கள். கணக்கு கிடையாது, கோடிங் கிடையாது. பிசிக்ஸ் எடுத்தால் நேர்மாறாக, மின்சாரமும் கணக்கும் கிடைக்கும், உயிரியல் கிடையாது. எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், உனக்கு விலங்குகள் மேல் ஆசை என்றால் ஜுவாலஜி எடுத்துக்கொண்டு கணக்கைத் தனியாகப் படி, ஏனென்றால் கணக்கைத் தனியாகப் படிக்க இன்று இலவசமாக எவ்வளவோ இருக்கிறது, நுண்ணோக்கியும் ஸ்பெசிமனும் வீட்டில் கிடைக்காது. மூளையைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்வதுதான் ஆசை என்றால் தயங்காமல் பிசிக்ஸ், அதிலிருந்து நியூரோசயின்ஸுக்கு வருபவர்கள் நிறைய. பயோடெக் பற்றிப் பலர் கேட்பார்கள், லேப் நன்றாக இருக்கும் கல்லூரி என்றால் சரி, இல்லையென்றால் அது காசு கொடுத்து வாங்கும் பெயர்தான். லேபை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேர், அட்மிஷன் சமயத்தில் காட்டமாட்டேன் என்றால் அதுவே பதில்.

அந்த மூன்று வருடத்தில் என்ன செய்ய வேண்டும்? முதல் வருடம் பைத்தான் படி, கிராஃப் போடவும் சராசரி, திட்ட விலக்கம் எடுக்கவும் வருகிற வரைக்கும். ஐ.ஐ.டி-கள் நடத்தும் இணைய வகுப்புத் தளமான என்.பி.டி.இ.எல்-லில் நரம்பியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. கொஞ்சம் கோடிங் வந்த பிறகு நியூரோமேட்ச் அகாடமியின் பாடங்களைத் திற, எல்லாமே இணையத்தில் திறந்தே கிடக்கிறது. ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி சமன்பாட்டை நீயே பைத்தானில் எழுதி ஒரு துடிப்பு வரவைத்துப் பார்த்தாய் என்றால் அந்த ஒரு கோப்பு உன் மார்க் ஷீட்டைவிட அதிகம் பேசும். ஹக்ஸ்லி வாரக்கணக்கில் கையால் சுற்றிய கணக்கு, உன் லேப்டாப்பில் ஒரு நொடி.

சோதனை செய்யத் தம்பியோ தோழியோ போதும். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை மேலே பிடித்துச் சொல்லாமல் விடு, அவன் விரலால் பிடிக்கட்டும். எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தான் என்று குறி. 20 சென்டிமீட்டர் என்றால் 0.2 வினாடி, பிசிக்ஸில் படித்த அதே சூத்திரம்தான். ஐம்பது தடவை செய், காலையில் ஒரு தடவை, ராத்திரி கடலுக்குப் போய்விட்டு வந்த அண்ணனிடம் தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை. கண்ணுக்குப் பதிலாகச் சத்தம் கொடுத்துப் பார்த்தால் காது வேகமா, கண் வேகமா என்று தெரியும். எண்களை நோட்டில் எழுது, மனசில் வைத்துக்கொள்ளாதே. இப்படி ஒரு நோட்டை யாராவது நேர்காணலில் என் மேஜையில் வைத்தால் நான் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். கல்லூரி லேபில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பது இப்போது பெரும்பாலும் கிடையாது, யு.ஜி.சி 2014-ல் நிறுத்தச் சொல்லிவிட்டது, அதனால் லேப் இல்லையே என்று உட்கார்ந்திருக்காதே.

இரண்டாம் வருட முடிவில் சம்மர் ஃபெல்லோஷிப். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து ஒன்று நடத்துகின்றன, தேர்வானால் எங்காவது ஒரு நல்ல ஆய்வகத்தில் இரண்டு மாதம், உதவித்தொகையோடு. கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் பழக வேண்டும் என்றால் காரைக்குடி போ. அழகப்பா பல்கலைக்கழக பயோடெக்னாலஜி துறையில் சீ. எலிகன்ஸ் என்ற புழுவை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, அவர்களுடைய கேள்வி நோய்க்கிருமி பற்றியது, ஆனால் அந்தப் புழுவை வளர்க்கவும் கையாளவும் அங்கே பார்த்துப் பழகலாம். அந்தப் புழுவுக்கு மொத்தம் 302 நரம்பு செல், எது எதோடு இணைந்திருக்கிறது என்ற முழு வரைபடமும் 1986-லேயே வந்துவிட்டது. 2024-ல் பழ ஈயின் மூளைக்கும் அதே மாதிரி முழு வரைபடம் வந்தது, ஏறக்குறைய 1,39,000 செல். பழ ஈ என்றால் இந்தியாவில் ஒபைத் சித்திகி பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது, பெங்களூரில் என்.சி.பி.எஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தை உருவாக்கியவர், வாசனையை ஈ எப்படி உணர்கிறது என்பதை மரபணு வழியாக ஆராய்ந்தவர்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "ரெஸ்பெக்டட் சார், ஐ யம் வெரி இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்ட் இன்ஸ்டிடியூட்" என்று எழுதாதே, அதை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உனக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேட்டு, நாலு வரியில் எழுது. பத்தில் ஒருவராவது பதில் போடுவார்.

அதன்பிறகு முதுநிலைக்கு ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, எம்.எஸ்ஸி நியூரோசயின்ஸ் அங்கே உண்டு. பி.எச்டி என்றால் பெங்களூர்தான் தலைநகரம்: ஐ.ஐ.எஸ்.சி-யின் நியூரோசயின்ஸ் மையம், என்.சி.பி.எஸ், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ், ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம். மனித மூளைகளைத் தானமாகப் பெற்றுப் பாதுகாக்கும் வங்கி நிம்ஹான்ஸில் இருக்கிறது. மனம், மொழி, கவனம் என்று போக ஆசைப்பட்டால் காக்னிட்டிவ் சயின்ஸ் முதுநிலை காந்திநகர் ஐ.ஐ.டி-யிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் உண்டு, அதற்கு சைக்காலஜி பட்டமும் ஏற்றது.

நீட் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவரையும் வலிப்பு வந்த குழந்தையையும் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை என்றால் நீ கேட்க வேண்டியது நியூரோசயின்ஸ் இல்லை, நியூராலஜி. அதற்கு எம்.பி.பி.எஸ் ஐந்தரை வருடம், எம்.டி மூன்று, அதற்கு மேல் நியூராலஜியில் டி.எம் என்ற சிறப்புப் பட்டம் மூன்று. ராமநாதபுரத்திலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, நீ அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. எம்.பி.பி.எஸ் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருவதும் நல்ல வழிதான், இல்லாத கை வலிப்பதை ஒரு கண்ணாடியை வைத்துக் குறைத்துக் காட்டிய வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதில் விருப்பமே இல்லாமல், மூளை பிடிக்கும் என்பதற்காக மட்டும் எம்.பி.பி.எஸ் போகாதே, ஐந்தரை வருடத்தில் மூளை வருவது கொஞ்சம்தான்.

இன்னொன்று, பெயரில் "நியூரோ" இருக்கும் துணை மருத்துவப் பட்டங்கள். பி.எஸ்ஸி நியூரோ எலெக்ட்ரோபிசியாலஜி மாதிரி. அது ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுப்பது, நரம்புக் கடத்தல் சோதனை செய்வது, இதற்கான டெக்னீஷியன் படிப்பு. கெட்ட படிப்பு இல்லை, சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்ற வீட்டுக்கு நல்ல படிப்பும்கூட. ஏஜென்ட் யாராவது "இதுதாம்மா நியூரோசயின்ஸ்" என்று சொல்லிச் சேர்த்துவிடப் பார்த்தால் ஏமாறாதே.

வேலை. பி.எஸ்ஸியோடு நிறுத்தினால் நியூரோசயின்டிஸ்ட் என்ற வேலை கிடையாது, இதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு. பி.எச்டி வரை போக வேண்டும், முதுநிலைப் பட்டம் வாங்கியபின் ஐந்தாறு வருடம். ஆனால் பி.எச்டி என்பது நாம் காசு கட்டிப் படிப்பது இல்லை, ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இது பல வீட்டில் தெரியாமல் "இருபத்தெட்டு வயது வரைக்கும் படிக்க வைக்க எங்களால் முடியாது" என்கிறார்கள். இளநிலையிலும் உதவி உண்டு: பிளஸ் டூவில் போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படித்தால் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். நடுவில் மனசு மாறினாலும் பைத்தானும் புள்ளியியலும் தெரிந்தவர்களுக்கு டேட்டா வேலை, மருந்து சோதனை நிறுவனங்கள், மருத்துவக் கருவி நிறுவனங்கள் என்று வழி இருக்கிறது. பி.எச்டி முடித்தபின் பேராசிரியர் வேலை எளிதாகக் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன், இடம் குறைவு, ஆள் அதிகம், பலரும் சில வருடம் வெளிநாட்டில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி, செய்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

தமிழ் மீடியமா என்று நீ சொல்லவில்லை. என்றாலும் ஒன்று: ஐ.ஏ.டி கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும், தமிழில் வராது. இப்போதிருந்தே நம் தமிழ்நாடு பாடப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே பாடத்தை இரண்டிலும் படி. பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாக இறக்கலாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட இது பயன்படும்.

தேதி விஷயம் முக்கியம். ஐ.ஏ.டி விண்ணப்பம் வழக்கமாக மார்ச் வாக்கில் திறக்கும், தேர்வு மே கடைசி அல்லது ஜூன், விதிமுறை வருடத்துக்கு வருடம் மாறுவதால் அவர்கள் தளத்தில் நீயே பார். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு வீட்டில் அப்போது கையில் காசு இருக்காது, அதே சமயத்தில்தான் தேர்வுக்குப் பயணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் வந்து நிற்கும், அதனால் அதற்கான பணத்தை மார்ச்சுக்குள் தனியாக எடுத்து வைக்கச் சொல். சாதிச் சான்றிதழில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்: நம்மிடம் இருக்கும் பி.சி அல்லது எம்.பி.சி அட்டை மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கினதாகக் கேட்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு, அப்பாவின் வருமானச் சான்றிதழையும் அதோடு சேர்த்தே போடு. வி.ஏ.ஓ, ஆர்.ஐ, தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டி வர நேரமாகும்.